உறுமல் ராஜமாணிக்கத்தின் இருபத்தெட்டாவது மணமேடை

ஜூன் 3, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவும் ஆள் வரவில்லை. அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம்.

இதே வரிசையில்தான் மூன்றும் எனக்குத் தெரியவந்தன. கடைசி விஷயத்தை அவரைக்காய்க்கு நார் உரித்தபடியே சொன்னாள்.

“ஹேமா, வெள்ளிக்கிழமை நான் பேங்குக்குப் போகல. ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருந்தேன்.”

“எதுக்கு?”

“கல்யாணத்துக்கு நோட்டீஸ் குடுக்க.”

“யார் கல்யாணத்துக்கு?”

“ஏன்டி, ஊரார் கல்யாணத்துக்கு ஆபீஸ் ஆபீஸா அலையற வயசா எனக்கு?”

வயது எழுபத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இறந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. நான் பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கே.கே. நகரில் இந்த வீட்டில் அம்மாவும் நானும்தான்.

மாப்பிள்ளையின் பெயர் சவரிமுத்து. வயது எழுபத்தெட்டு. அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘உறுமல்’ ராஜமாணிக்கம் என்றால் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்துக் கலர் வந்த பிறகும் இருபது வருடம் கதாநாயகிகளைக் கடத்திக்கொண்டிருந்தவர்.

மதம் வேறு என்பதால் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு. ஒரு மாதம் நோட்டீஸ் போர்டில் பெயர்கள் தொங்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம். பிறகு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

“ஒரு சாட்சி நீ. நீ போடலேன்னா நான் போகப் போறதில்ல,” என்றாள் அம்மா.

“மிரட்டறியா?”

“மிரட்டறது அவரோட வேலை. நான் சும்மா சொல்றேன்.”

அவரைக்காய்ப் பொரியலில் உப்பு இல்லை. இருவருமே கவனிக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.

ஜூன் 4, செவ்வாய்

தொட்டி கழுவும் ஆள் இன்றும் வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

பழக்கம் ஏற்பட்ட விதத்தைக் கேட்டேன். விவரம் தெரியாமல் முடிவெடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

பூங்காவில் காலையில் சிரிப்பு மன்றம் நடக்கிறது. வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் உயரமான ஒரு ஆள் வட்டத்தில் வந்து சேர்ந்திருக்கிறார். “எல்லாரும் மனசு விட்டுச் சிரிங்க” என்று தலைவர் சொன்னதும் அந்த ஆள் சிரித்திருக்கிறார். தள்ளுவண்டியில் இருந்த குழந்தை வீறிட்டது. இரண்டு பெண்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஒரு தெருநாய் வேலியைத் தாண்டி ஓடியது. (நாய் விஷயத்தை அம்மா சேர்த்திருக்கலாம்.)

“நான்தான் போய்ச் சொன்னேன். சார், நீங்க மட்டும் மனசுக்குள்ளயே சிரிச்சுக்குங்கன்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

“மன்னிச்சுக்குங்க மேடம், வேற சிரிப்பு எனக்கு வராதுன்னார். அப்பதான் நிஜக் குரலைக் கேட்டேன். பஞ்சு மாதிரி. படத்துல கேக்கற உறுமல் இல்லவே இல்ல.”

“குரலை வெச்சே முடிவு பண்ணிட்டியா?”

“முப்பத்தஞ்சு வருஷம் மூஞ்சியைப் பார்க்காம குரலை மட்டும் கேட்டு வேலை பார்த்தவ நான். பொய் பேசினா குரல்ல தெரியும்டி.”

இதை ஆதாரம் என்று ஏற்க முடியாது. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

அவர் சாப்பிட வந்தார். அம்மா நான்கு பொரியல் செய்தாள். எனக்கு நினைவு தெரிந்து இந்த வீட்டில் ஒரே நாளில் நான்கு பொரியல் நடந்ததில்லை.

கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, புருவம் மட்டும் இன்னும் கறுப்பு. என்னைப் பார்த்துக் கும்பிட்டு “வணக்கம் புரொபசரம்மா” என்றார். “வாங்க சார்” என்றேன்.

கேட்காமலேயே சொந்தக் கதையைச் சொன்னார். சொந்த ஊர் திண்டுக்கல். நாடகக் கம்பெனியில் திரை இழுக்கும் வேலை. சினிமாவில் காவல்காரன் வேடத்துக்குக் குரல் பார்த்த அன்று கடுமையான ஜலதோஷம். தொண்டை கட்டி, “யாரங்கே” என்பது உறுமலாக வந்திருக்கிறது. டைரக்டர் எழுந்து நின்று கை தட்டினாராம். “ஜலதோஷம் நாலு நாள்ல போயிடுச்சு. உறுமல் முப்பது வருஷம் போகல,” என்றார்.

கிளிசரின் போடாமலேயே நினைத்தபோது அழுவேன் என்றும் சொன்னார். அது சாத்தியமில்லை என்றேன். கிளிசரின் கண்ணில் பட்டால் ஏன் நீர் வருகிறது என்று சுருக்கமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்தக் கண்ணுல வேணும் புரொபசரம்மா?”

“இடது,” என்றேன்.

ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே அழுதார். இடது கண்ணில் மட்டும். ஒரே சொட்டு, கன்னத்தின் பாதி வரை வந்து நின்றது. அம்மா குழந்தை மாதிரி கை தட்டினாள்.

நான் தட்டவில்லை. ரசத்தில் மிளகு அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி இல்லையென்றால் அது இன்னும் மோசம். நினைத்தபோது ஒரு கண்ணில் மட்டும் அழத் தெரிந்த மனிதரின் எந்த வார்த்தையை நம்புவது?

அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: “சார் சார்னு ஏன் தள்ளி வெக்கிற? அங்கிள்னாவது கூப்பிடேன்.”

நாற்பத்தொன்பது வயதில் ஒரு அங்கிளைச் சம்பாதித்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

தம்பி கிரிதர் புனேயிலிருந்து கூப்பிட்டான். அம்மா அவனிடமும் சொல்லிவிட்டாள்.

“அக்கா, நீ சும்மாவா இருக்கே? போய் ஆட்சேபணை எழுதிக் குடு.”

“எதன் பேர்ல?”

“அந்த ஆளு வில்லன்க்கா! சின்ன வயசுல அவரைப் பார்த்து நான் எத்தனை நாள் விளக்கு போட்டுக்கிட்டுத் தூங்கினேன் தெரியுமா?”

சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டான்.

ஜூன் 15, சனி

யூடியூபில் அவர் நடித்த படங்களைப் பார்த்தேன். ஆராய்ச்சிக்காகத்தான். அம்மா முறுக்குடன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று படங்களுக்குப் பிறகு ஒரு ஒழுங்கு புலப்பட்டது. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு மணமேடை. கதாநாயகி அழுதுகொண்டிருக்கிறாள். இவர் பட்டுவேட்டியில், மாலையோடு, தாலியை எடுத்து அவள் கழுத்தருகே கொண்டுபோகிறார். வாசலிலிருந்து “நிறுத்துங்க!” என்று ஒரு குரல். இவர் கை நிற்கிறது. பிறகு அடி.

நாலாவது படத்தில் அந்தக் குரல் வருவதற்குள் அம்மா டி.வி.யைப் பார்த்துக் கத்தினாள்: “அட, கட்டித் தொலையுங்களேன்!”

முறுக்கு புரையேறி இருவரும் தண்ணீர் குடித்தோம். இப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது. பதினோராம் தேதி வந்த மின்கட்டணத்தை நாளைக்குக் கட்ட வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றும் வந்தார். மணமேடைகளைப் பற்றிக் கேட்டேன்.

“இருபத்தேழு படம் புரொபசரம்மா. இருபத்தேழு தடவை மாப்பிள்ளை. ஒரு தடவைகூட ஒரு முடிச்சுப் போட்டதில்ல.”

“எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?”

அம்மாவின் புடவைத் தலைப்பிலிருந்து நூல் ஒன்றை எடுத்துக் காற்றில் பிடித்துக் காட்டினார். “கழுத்துக்கு நாலு விரக்கடை முன்னாடி. அங்கதான் ஹீரோ கத்துவான். சீக்கிரம் கொண்டு போயிட்டா கதை முடிஞ்சிடும், லேட்டாப் போனா ஜனம் கொட்டாவி விடும். ஒரு படத்துல ஹீரோ வெளிய நாற்காலியில தூங்கிட்டாரு. ‘நிறுத்துங்க’ வரவே இல்ல. கட் சொல்லாம நான் எப்படிக் கையை இறக்கறது? தூக்கின கை தூக்கினபடி நிக்கறேன். கை வெடவெடன்னு நடுங்குது. டைரக்டர் அதைப் பார்த்துட்டு, என்னமா நடிக்கறான் பாரு, உடம்பெல்லாம் வெறின்னாரு!”

அவர் போன பிறகு அம்மா மஞ்சள் கயிறு வாங்கப் போவதாகச் சொன்னாள். பதிவுத் திருமணத்துக்குத் தாலி தேவையில்லையே என்றேன்.

“எனக்குத் தேவையில்லடி. அந்த மனுஷன் ஒரு தடவையாவது கட்டி முடிக்கட்டும்.”

நான் கையெழுத்துப் போட்டால்தானே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவைச் சிகிச்சை. போன மாதமே குறித்த தேதி. ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். டிரைவர் பள்ளம் மேடு பார்க்காமல் பறந்தார். “கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா, கண்ணு ஆபரேஷன்,” என்றேன். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு உடனே மெதுவாகப் போனார். ஆபரேஷனுக்காக என்று தோன்றவில்லை.

அம்மாவை உள்ளே அழைத்துப் போகும்போது இவர் கூடவே எழுந்தார். நர்ஸ் தடுத்தாள். “நீங்க அவங்களுக்கு யாரு சார்?”

மூன்று பக்க வசனத்தை ஒரே மூச்சில் பேசியவர் என்று பெயர் எடுத்தவர், வாயைத் திறந்து மூடினார். என்னைப் பார்த்தார்.

“எங்களோட வந்திருக்கார்,” என்றேன்.

வராந்தாவில் காத்திருந்தபோது ஒரு குடும்பம் அவரை அடையாளம் கண்டுகொண்டது. சார், அந்தச் சிரிப்பு ஒரு தடவை சார் என்றார்கள். யார் கேட்டாலும் செய்து காட்டுபவர். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தார். சத்தம் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி முயன்றார். பூனைக்குட்டி மாதிரி ஏதோ வந்தது.

“மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு வரல,” என்று உட்கார்ந்துவிட்டார். கண்கள் ஆபரேஷன் தியேட்டர் கதவிலேயே இருந்தன.

பார்த்ததைப் பார்த்தபடி பதிவு செய்கிறேன். முடிவு எதுவும் எழுதவில்லை.

ஜூன் 21, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். அம்மா கண்ணைக் கொட்டிக் கொட்டி முதலில் அவரைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஐயையோ, இவ்வளவு வயசா உங்களுக்கு?”

“இனிமே ஒண்ணும் பண்ண முடியாது எக்ஸ்சேஞ்ச் மேடம். நோட்டீஸ் ஒட்டியாச்சு.”

டாக்டரே சிரித்துவிட்டார். அடுத்ததாக என்னைப் பார்த்து, “உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?” என்றாள். கண்புரை அறுவைச் சிகிச்சையின் பக்கவிளைவுகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா சாலிகிராமத்தில் அவர் வீட்டில் இருப்பாளாம். நடந்தே வந்துவிடும் தூரம். தனியாக இருப்பதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. சோபாவைச் சன்னல் பக்கம் நகர்த்தலாம்.

சோபாவை நகர்த்திப் பார்த்தேன். பழைய இடமே சரி.

ஜூன் 26, புதன்

கல்லூரியிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நேரடியாகக் கேட்பதே சரியான முறை என்று தோன்றியது.

இரண்டு அறை வீடு. சுவரில் அவருடைய சினிமாப் படம் ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்காக வாங்கிய புதுச் சாய்வு நாற்காலி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. அவரே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

“நீங்க ஏன் சார் முன்னாடி கல்யாணம் பண்ணிக்கல?” என்று கேட்டேன்.

“பொண்ணு கேட்டுப் போனோம், மதுரைப் பக்கம். அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கெல்லாம் சம்மதம். காபித் தட்டோட வந்த பொண்ணு என்னை நிமிந்து பார்த்துச்சு. அம்மாடின்னு ஒரு கத்தல். தட்டு என் மடியில.” தொடையைத் தடவிக்கொண்டார். “கொதிக்கிற காபி. ஆனா எனக்குக் கோவம் வரல புரொபசரம்மா. அதுக்கு முந்தின வாரம்தான் படம் ரிலீஸ். அவ்வளவு நல்லா நடிச்சிருக்கோம்னு பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு மூணு எடத்துல கதவையே தொறக்கல. பஸ்ல மட்டும் எனக்கு எப்பவும் சீட்டு கெடைக்கும். பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க.”

சிரித்தார். பஞ்சு மாதிரிச் சிரிப்பு.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். “இந்த வயசுல கல்யாணம் எதுக்கு சார்? தினமும் பார்க்ல பார்க்கறீங்க. வீட்டுக்கு வர்றீங்க. அது போதாதா?”

டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு... அந்த நர்ஸ் கேட்டாங்கள்ல. நீங்க யாருன்னு.” நிறுத்தினார். “எனக்கு... பதில் இல்ல. உள்ள அவங்க இருக்காங்க. வெளிய நான்... என்னன்னு சொல்றது? கேக்கறதுக்கு ஒரு... எப்படிச் சொல்றது...”

“இது டயலாக்கா சார்?”

“டயலாக்கா இருந்தா இந்த இழுவை இழுப்பனா?” என்றார்.

டீயை முழுதும் குடித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் முருங்கைக்கீரை மலிவாக இருந்தது, வாங்கினேன்.

ஜூலை 1, திங்கள்

நோட்டீஸ் காலம் முடிந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. எட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள்.

கிரிதர் கூப்பிட்டான். “நீ கையெழுத்துப் போடப் போறியாக்கா?”

“நர்ஸ் கேட்டா சொல்றதுக்கு அவருக்கு ஒரு பதில் வேணும்டா,” என்றேன்.

“என்ன உளர்றே?”

வருவதாகவோ வரமாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டேன். பேனாவைக் கழுவி மை நிரப்பினேன். மற்றபடி குறிப்பிட ஒன்றுமில்லை.

ஜூலை 8, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதிவாளர் சின்னப் பெண், முப்பது வயது இருக்கும். அவளுக்கு இவரைத் தெரியவில்லை. அங்கிருந்த அலுவலக உதவியாளருக்குத் தெரிந்தது. பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். சிரிப்பு மன்றத் தலைவரும் அவர் மனைவியும் மற்ற இரண்டு சாட்சிகள். கிரிதர் வரவில்லை. அம்மா வாசலைப் பார்க்காத மாதிரி அடிக்கடி வாசலைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை உறுதிமொழியை வாசித்தார். அவ்வளவு மெல்லிய குரலை எதிர்பார்க்காத உதவியாளர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அம்மா எக்ஸ்சேஞ்ச் குரலில் தெளிவாக, இடைவெளி விட்டு வாசித்தாள். மாலை மாற்றினார்கள். “கையெழுத்துப் போடலாமா?” என்றாள் பதிவாளர். “ஒரே நிமிஷம்மா,” என்று அம்மா மஞ்சள் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

எழுந்து நின்றார். இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்தார். அம்மாவின் கழுத்தருகே கொண்டுபோனார்.

நாலு விரக்கடை முன்னால் கை நின்றுவிட்டது.

ஒரு விநாடி. இரண்டு. எங்களுக்கு எதுவும் புரியவில்லை. அம்மா மட்டும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். “என்னாச்சு?” என்று உதடசைத்தாள்.

“கை வரமாட்டேங்குது மேடம்,” என்றார் மெதுவாக. நெற்றியெல்லாம் வியர்வை. “சத்தம் வரணும்னு நிக்குது.”

அப்போதுதான் வாசலில் ஓடிவரும் காலடிச் சத்தம். கிரிதர். தோளில் பை, மூச்சு இரைக்கிறது, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறான்:

“நிறுத்த...!”

ராஜமாணிக்கம் சட்டென்று கையை இறக்கி, இரண்டடி பின்னால் நகர்ந்து, முகத்தைக் காத்துக்கொள்ள முழங்கையை உயர்த்தினார். இருபத்தேழு படப் பழக்கம். சிரிப்பு மன்றத் தலைவரின் மனைவி “ஐயோ” என்றாள்.

கிரிதர் மூச்சுப் பிடித்து மிச்சத்தையும் சொன்னான்: “...எடமே கெடைக்கலம்மா. வாடகைக் காரை ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு ஓடி வர்றேன். முடிஞ்சிடுச்சா?”

முதலில் சிரித்தது அம்மா. பிறகு எல்லோரும். கிரிதருக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை. முழங்கையை உயர்த்தியபடி நிற்கும் அவரைப் பார்த்து அவனே பயந்துபோய், “வணக்கம் சார்” என்றான்.

சிரிப்பு அடங்கியது. மறுபடி கயிற்றை எடுத்தார். மறுபடி கழுத்தருகே கொண்டுபோனார். மறுபடி அதே நாலு விரக்கடையில் கை நின்றது. விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

“சார், இது ஷூட்டிங் இல்ல சார்,” என்றார் உதவியாளர் சுவரிலிருந்தபடியே.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அன்று ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை.

“கட்டுங்கப்பா,” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு. கை நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டுமென்று யாரோ சொன்னார்கள். “யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்,” என்று அதையும் அவரே போட்டார். போட்டுவிட்டு அழுதார். இரண்டு கண்ணிலும், மூக்கிலும். பார்க்கச் சகிக்கவில்லை. எந்த டைரக்டரும் இதை ஓகே செய்திருக்க மாட்டார்.

மூன்றாவது சாட்சியாகக் கையெழுத்திட்டேன். சற்றுக் கோணலாக விழுந்தது. மேசை ஆடுகிறது, அலுவலகத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

வெளியே வந்ததும் உதவியாளர் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். “சார், அந்தச் சிரிப்பு...”

இடுப்பில் கை வைத்தார். தலையைச் சாய்த்தார். வந்தது பாருங்கள். மரத்திலிருந்த காகங்கள் அத்தனையும் எழுந்து பறந்தன. கிரிதர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலை 9, செவ்வாய்

பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு டிகாஷன் போட்டுவிட்டேன். கிரிதர் நேற்று மாலையே ஊருக்குப் போய்விட்டான். மிச்சத்தைக் கொட்டப்போனபோது வாசல் மணி அடித்தது. பூங்காவிலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

“காபி இருக்காடி?” என்று அம்மா செருப்பைக் கழற்றினாள். பின்னால் அவர் தலை இடிக்காமல் குனிந்து வந்தார்.

மூன்றாகப் பிரித்ததில் காபி தண்ணியாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நாளையிலிருந்து பொடி கூடுதலாகப் போட வேண்டும். தொட்டி கழுவும் ஆள் வந்தான்.

ஜூலை 10, புதன்

அம்மா போனில் மூன்று முறை அந்தக் ‘கட்டுங்கப்பா’வைப் பற்றியே கேட்டாள். அது வெறும் பேச்சு வழக்கு என்று மூன்று முறையும் சொன்னேன். ஆட்டோக்காரரிடமும் “மெதுவாப் போங்கப்பா” என்றுதான் சொல்கிறேன், கீரைக்காரரிடமும் அப்படித்தான். அர்த்தம் இல்லாத வெறும் அசை.

சந்தேகம் இருக்கக் கூடாது என்று மதியம் தமிழ்த்துறை மங்கையர்க்கரசியிடம் கேட்டேன். கட்டுங்கப்பா என்பதில் ‘ப்பா’ அசைநிலைதானே?

“அது யாரைப் பார்த்துச் சொன்னேங்கறதைப் பொறுத்தது,” என்றாள்.

வேறு யாரிடமாவது கேட்க வேண்டும்.